பெங்களூரு டிடி (குடித்துவிட்டு வண்டி ஓட்டிய) கேஸ்: ரீடிங் 58, ரத்தப் பரிசோதனை எடுக்கவில்லை. கட்டிவிடலாமா, வழக்கு நடத்தலாமா?

செல்வா_ஜீவன்பீமாநகர் (கேள்வி)

அக்கா மகனுக்காகக் கேட்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் மட்டும் சொல்லுங்கள், ப்ளீஸ்.

சனிக்கிழமை இரவு 11.40. இந்திராநகர் 100 அடி ரோட்டில் தடுப்பு வைத்து எல்லா வண்டியையும் நிறுத்தியிருக்கிறார்கள். முதலில் மெசினை வாய்க்கு எதிரே நீட்டி, தொடாமல் ஊதச் சொன்னார்கள். சத்தம் வந்ததும் குழாய் மாட்டி இன்னொரு முறை. 58 காட்டியது. சின்ன பிரிண்ட் ஒன்றில் கையெழுத்து வாங்கினார்கள், அதன் நகல் கையில் இருக்கிறது. கன்னடத்தில் அச்சடித்த ஒரு நோட்டீசும் கொடுத்தார்கள். கைது செய்யவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை.

கார் ஸ்டேஷனில் நிற்கிறது. அது மாமா பெயரில் உள்ள வண்டி. லைசென்ஸ் கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது ஓசூரில் எடுத்தது, டிஎன்-70. முதல் முறைதான், விபத்து எதுவும் இல்லை.

கேள்விகள்:
1. கோர்ட்டில் 10,000 கட்டினால் முடிந்ததா? சலான் மாதிரிதானே?
2. ரத்தம் எடுக்காததால் கேஸ் நிற்காது என்று அவன் நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
3. டிஜிலாக்கரில் லைசென்ஸ் இருக்கிறது. அதை வைத்து ஆபீஸ் பைக்கை ஓட்டலாமா?
4. கார் எப்போது கிடைக்கும்?

---

மேயோஹால்_கறுப்புக்கோட்டு

செல்வா சார், முதல் கேள்வியில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். இது சலான் இல்லை. ஹெல்மெட், சிக்னல் மாதிரியான குற்றங்களை மோட்டார் வாகனச் சட்டம் 200-வது பிரிவின்படி போலீஸே பணம் வாங்கி முடித்துவிடலாம். அந்தப் பட்டியலில் குடித்து ஓட்டுவதற்கான 185-வது பிரிவு கிடையாது. அதனால்தான் ஆன்லைனில் கட்ட வழியில்லாமல் மாஜிஸ்திரேட் முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது. 2023 பிப்ரவரியில் கர்நாடகாவில் பழைய அபராதங்களுக்குப் பாதித் தள்ளுபடி கொடுத்தார்களே, அந்த மாதிரிச் சலுகையும் இதற்குப் பொருந்தாது.

185-வது பிரிவு சொல்வது: 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019 செப்டம்பர் 1-க்கு முன்னால் அபராதம் 2,000 வரை என்று இருந்தது, கோர்ட் குறைத்துப் போடலாம். இப்போது 10,000 என்பது நிலையான தொகை. "சம்பளம் கம்மி சார், கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று கேட்க இடமில்லை. சிறையா அபராதமா என்பதில்தான் மாஜிஸ்திரேட்டுக்கு விருப்பம் உண்டு. விபத்து இல்லை, முதல் முறை, 58 என்றால் பெரும்பாலும் அபராதத்தோடு முடியும். ஆனால் அது உத்தரவாதமல்ல. உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு, முதல் முறைக்கும் சிறைத் தண்டனை கேட்கச் சொல்லி மாநிலங்களுக்கு ஏற்கெனவே எழுதியிருக்கிறது.

பணம் கட்டுவது என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது. தண்டனை பெற்றவர் என்று பதிவாகும். இரண்டாவது முறை மாட்டினால் இரண்டு வருடம் வரை சிறை அல்லது 15,000 அல்லது இரண்டும். முன்பு "மூன்று வருடத்துக்குள் திரும்பச் செய்தால்" என்ற நிபந்தனை இருந்தது. 2019 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். ஆக இன்றைய ஒப்புதல் பத்து வருடம் கழித்தும் கணக்கில் வரும். ஒப்புக்கொண்ட பிறகு மேல்முறையீட்டில் தண்டனையின் அளவைப் பற்றி மட்டும்தான் பேச முடியும், குற்றமே செய்யவில்லை என்று திரும்ப வாதிட முடியாது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 20-வது பிரிவின்படி 185-ல் தண்டனை கொடுக்கும் கோர்ட், லைசென்ஸுக்குக் குறைந்தது ஆறு மாதம் தகுதியிழப்பு உத்தரவிட வேண்டும். அபராத வரிசை நீளமாக இருக்கும் நாளில் அதைச் சொல்லாமலே விடுகிற கோர்ட்டுகள் உண்டு, சொல்கிற கோர்ட்டுகளும் உண்டு. அந்த வரியைக் காது கொடுத்துக் கேளுங்கள், உத்தரவின் நகலிலும் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி. ரத்தம் எடுக்காததால் மட்டும் கேஸ் விழாது. பிரிவின் வாசகமே "மூச்சுப் பரிசோதனைக் கருவி மூலமோ ஆய்வகப் பரிசோதனை உள்ளிட்ட வேறு பரிசோதனை மூலமோ" என்றுதான் இருக்கிறது. இரண்டில் ஒன்று போதும். நண்பர்கள் மனதில் வைத்துப் பேசுவது 1971-ல் வந்த பச்சுபாய் ஹசனல்லி காரியானி தீர்ப்பாக இருக்கும். சாராய வாடை, தள்ளாட்டம், குழறிய பேச்சு என்று டாக்டர் எழுதியது மட்டும் போதாது, ரத்தமோ சிறுநீரோ சோதிக்கவில்லையே என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு அது. அங்கே அளவிடப்பட்ட எண்ணே இல்லை. உங்களிடம் 58 என்று அச்சடித்த எண் இருக்கிறது.

மூன்று: ஓட்டக் கூடாது. 206(4)-ன்படி லைசென்ஸைக் கைப்பற்றி லைசென்ஸ் அதிகாரிக்கு அனுப்புகிறார்கள். அதற்குக் கொடுக்கும் ரசீது ஓட்டுவதற்கான அனுமதி ஆகாது என்று அதே பிரிவு சொல்கிறது. டிஜிலாக்கர் நகல் கார்டுக்குச் சமம்தான், ஆனால் கார்டே கைப்பற்றப்பட்டிருக்கும்போது நகலுக்கு மட்டும் தனி உயிர் எங்கிருந்து வரும்? தகுதியிழப்பு உத்தரவு வந்த பிறகு ஓட்டினால் 182-வது பிரிவு: மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 அல்லது இரண்டும். அந்த நேரத்தில் எங்காவது இடித்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் கையை விரிக்கும்.

கார் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதற்குள் நோட்டீசில் இந்த ஐந்தைப் பாருங்கள்: பிரிவு 185 மட்டுமா, அல்லது ஆபத்தாக ஓட்டியது என்று 184-ஓ பாரதிய நியாய சம்ஹிதை 281-ஓ சேர்ந்திருக்கிறதா, முதல் முறையா, திரும்பச் செய்ததா, பிரிண்டில் உள்ள வண்டி எண்ணும் நேரமும் நோட்டீசோடு ஒத்துப்போகிறதா, மெசினின் வரிசை எண் இருக்கிறதா, எந்தக் கோர்ட், எந்தத் தேதி. கன்னடம் படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரை வைத்து முழுதாக வாசித்துவிடுங்கள். 'தப்பொப்பிகெ' என்ற சொல்லுக்குக் கீழே கையெழுத்து இருந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாக நிற்காது. ஆனாலும் அது இருப்பது வக்கீலுக்கு முதலிலேயே தெரிய வேண்டும்.

---

கே.ஆர்.புரம்_ரவி

அண்ணே, ரெண்டு மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட காட்டலைன்னா கேஸ் செல்லாதுன்னு சட்டத்துலயே இருக்கு. 202. நல்ல வக்கீலா புடிச்சா ஒரே வாய்தாவுல தள்ளுபடி.

---

மேயோஹால்_கறுப்புக்கோட்டு

ரவி, 202-ஐக் கடைசி வரி வரை படியுங்கள். 185-க்காகக் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவரிடம் பரிசோதிக்க வேண்டும், இல்லையென்றால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும். கேஸைக் கைவிட வேண்டும் என்று அங்கே இல்லை. இந்தப் பையனைக் கைதே செய்யவில்லை, ஆட்டோ ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் இரண்டு மணி நேரக் கணக்கு எங்கே ஓடும்? இந்த ஒரு வாதத்தை நம்பிப் பீஸ் கொடுத்தவர்கள் மேயோ ஹால் கோர்ட் வராந்தாவில் நிறையப் பேர் நிற்கிறார்கள்.

இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். கைது செய்தாலும் ஸ்டேஷனிலேயே ஜாமீன் கேட்பது உரிமை, யாருடைய தயவும் இல்லை. ஊத மறுத்துத் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மறுத்தால், குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்கக் காரணம் இருக்கும் பட்சத்தில், 203(4) கைது செய்ய அதிகாரம் கொடுக்கிறது. 205-ன்படி அந்த மறுப்பையே உங்களுக்கு எதிரான சூழ்நிலையாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்துமா மாதிரி நியாயமான காரணம் இருந்தால் அதை அந்த இடத்திலேயே சொல்லி, ரத்தம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும்.

---

ஊதுகுழல்_டெக்னீஷியன்

மெசின் பக்கத்தை நான் சொல்கிறேன். 58 என்ற எண்ணை உடைக்க முடியுமா என்பதுதான் இங்கே கேள்வி.

போலீஸ் கையில் இருப்பது ஃபியூயல் செல் வகை. மூச்சில் உள்ள ஆல்கஹால் பிளாட்டினம் தகட்டில் பட்டு ஆக்சிஜனோடு சேரும்போது உண்டாகும் மின்னோட்டத்தை அளக்கிறது. மூச்சில் உள்ளதைப்போல் 2,100 மடங்கு ரத்தத்தில் இருக்கும் என்று வைத்து ரத்த அளவாக மாற்றிக் காட்டுகிறது. 30 மி.கி. வரம்பு என்பது ஒரு லிட்டர் மூச்சில் சுமார் 0.14 மி.கி. அவ்வளவுதான். இந்த 2,100 ஒரு சராசரி, ஆளுக்கு ஆள் மாறும். உடல் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ரீடிங் ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். இதையெல்லாம் கூட்டினாலும் 58-ஐ 30-க்குக் கீழே இறக்க முடியாது. 32, 34 என்று வந்திருந்தால் நானே வழக்கு நடத்தச் சொல்லியிருப்பேன்.

பெரிய பிழை வருவது ஒரே இடத்தில், வாயில் தங்கிய ஆல்கஹாலில். கடைசி மடக்கு, மவுத்வாஷ், சில இருமல் டானிக், ஹோமியோபதி சொட்டு, ஏப்பம் அல்லது வாந்தி. இவற்றால் ரீடிங் நூறைத் தாண்டிக்கூட எகிறும், 15 நிமிடத்தில் அடங்கிவிடும். அதனால்தான் 15 நிமிடம் உட்கார வைத்து, தண்ணீரில் வாய் கொப்பளிக்க விட்டு ஊத வைப்பது முறை. வரிசையில் இருபது வண்டி நிற்கும்போது இதை யார் செய்கிறார்கள்? பிரிண்டில் நேரம் இருக்கும். வண்டியை நிறுத்திய நேரத்துக்கும் ஊதிய நேரத்துக்கும் எத்தனை நிமிடம் என்று பாருங்கள். பார் மேசையிலிருந்து எழுந்து பத்து நிமிடத்துக்குள் ஊதியிருந்தால் அது கேள்வி கேட்க வேண்டிய இடம், அதுவும் பில்லில் நேரம் இருந்தால்.

அடுத்தது பிளாங்க் டெஸ்ட். ஆளை ஊத வைக்கும் முன் மெசின் வெறும் காற்றை இழுத்துச் சுழியம் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் முந்தைய ஆளின் மிச்சம் உள்ளே இருக்கிறது, அல்லது சென்சார் சரியில்லை. பிரிண்டில் இதற்கு ஒரு தனி வரி வரும். சுழியம் காட்டாத மெசினின் ரீடிங்கை ஏற்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2025-ல் ஒரு கேஸில் 185-ஐ ரத்து செய்தது. உங்கள் நகலில் அந்த வரியில் என்ன இருக்கிறது? வெப்பத் தாளில் அடித்த பிரிண்ட் சில மாதத்தில் வெளுத்துவிடும், இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள்.

முதலில் தொடாமல் ஊதியதில் சத்தம் வந்ததற்குச் சட்ட மதிப்பு இல்லை. பக்கத்து சீட்டில் ஒருவர் குடித்திருந்தாலும், காருக்குள் சானிடைசர் தெளித்திருந்தாலும் அது கத்தும். குழாய் மாட்டி, நான்கைந்து விநாடி விடாமல் ஊதி, நுரையீரலின் அடிக் காற்று வந்த பிறகு எடுத்த ரீடிங்தான் கணக்கு. குழாய் புது உறையிலிருந்து வந்ததா என்பதையும் கேட்டு வையுங்கள்.

பாக்கு, ஏலக்காய், பெப்பர்மிண்ட், வாயில் ஒரு ரூபாய்க் காசு: எதுவும் வேலை செய்யாது. வாடை வேறு, ஆல்கஹால் வேறு. மூச்சை அடக்கி வைத்து ஊதினால் ரீடிங் கூடத்தான் செய்யும்.

எவ்வளவு குடித்தால் 30 வரும் என்று எல்லாக் குரூப்பிலும் கேட்கிறார்கள், ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன். 42.8 சதவீத விஸ்கி 30 மி.லி.யில் சுத்த ஆல்கஹால் 10 கிராம். 70 கிலோ ஆணுக்கு அது ஏறத்தாழ 21 மி.கி. கொடுக்கும். 60 கிலோ பெண்ணுக்கு உடல் நீர் குறைவு என்பதால் அதே 30 மி.லி. கிட்டத்தட்ட 30-ஐத் தொட்டுவிடும். நம்ம ஊர் 90 மி.லி. பாக்கெட் ஒன்று 64. 5 சதவீத பீர் 650 மி.லி. பாட்டில் 54. 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் 86. "ஒரே ஒரு பீர்தான் சார்" என்பவர்கள் மாட்டுவது இதனால்தான். இவையெல்லாம் வெறும் வயிற்றுக் கணக்கு. சாப்பாட்டோடு குடித்தால் உச்சம் குறையும், ஆனால் தள்ளி வரும். கடைசி கிளாஸுக்குப் பிறகு அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கலாம். "அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புகிறேன்" என்பவர் அதிக ரீடிங்கோடு கிளம்பவும் கூடும்.

இறங்குவது மணிக்கு 15 மி.கி. அளவில், ஆளைப் பொறுத்து 10 முதல் 20. காபி, குளியல், மோர் எதுவும் அதை வேகப்படுத்தாது. இரவு 9 முதல் 12 வரை நான்கு லார்ஜ் (ஒன்று 60 மி.லி.) அடித்த 70 கிலோ ஆள், காலை 6 மணிக்கு 35-ல் இருப்பார். ஈரல் மெதுவாக வேலை செய்பவர் என்றால் 80. தலை தெளிவாக இருக்கும், மெசின் கத்தும். பெங்களூருவில் ஸ்கூல் வேன் டிரைவர்களைக் காலையில் பிடிப்பது இப்படித்தான்.

---

செல்வா_ஜீவன்பீமாநகர்

ரொம்ப நன்றி. பிரிண்டைப் பார்த்தேன். பிளாங்க் வரியில் 0 என்று இருக்கிறது. வரிசை எண் இருக்கிறது. நிறுத்தியது 11.25 வாக்கில், ஊதியது 11.40. நோட்டீசில் 185 மட்டும். வண்டி எண் சரி.

அவனுக்கு நவம்பரில் அமெரிக்க விசா ஸ்டாம்பிங் இருக்கிறது. கம்பெனி மூலம் போகிறான். அதற்கு ஏதாவது பாதிப்பு உண்டா? இன்னொன்று: மறுநாள் தனியார் லேபில் ரத்தம் கொடுத்து 'ஆல்கஹால் இல்லை' என்று ரிப்போர்ட் வாங்கி வைத்திருக்கிறான். உதவுமா?

---

ஊதுகுழல்_டெக்னீஷியன்

மறுநாள் ரிப்போர்ட் காகிதத்துக்குக்கூட ஆகாது. 58, நான்கைந்து மணி நேரத்தில் தானாகவே சுழியத்துக்குப் போய்விடும். பூஜ்ஜியம் வந்ததில் ஆச்சரியம் என்ன?

அன்றைக்கே, ஒரு மணி நேரத்துக்குள், போலீஸ் மூலம் அரசு ஆஸ்பத்திரியில் எடுத்திருந்தால் பேசலாம். இந்தப் பக்கத்துக்கு பவுரிங், மார்க்கெட் பக்கம் என்றால் விக்டோரியா. அங்கேயும் கவனிக்க வேண்டியது இருக்கிறது: ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது, சோடியம் புளோரைடு கலந்த சாம்பல் மூடிக் குப்பியில்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் கிருமிகள் குப்பிக்குள்ளேயே ஆல்கஹாலை உண்டாக்கும் அல்லது தின்றுவிடும், அரக்கு முத்திரை போட்டு மடிவாளா தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரி லேப் சீரத்தில் சோதித்தால் முழு ரத்தத்தைவிட 12 முதல் 18 சதவீதம் கூடக் காட்டும். சட்டம் பேசுவது முழு ரத்தத்தைத்தான். 30-ஐ ஒட்டிய கேஸில் இந்த வித்தியாசமே விடுதலை வாங்கித் தரும்.

---

வைட்ஃபீல்டு_அகிலா

விசா பக்கம் சொல்கிறேன். அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 விண்ணப்பப் படிவத்தில் எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, தண்டனை பெற்றீர்களா என்று ஒரே கேள்வியில் இரண்டையும் சேர்த்துக் கேட்பார்கள். 10,000 கட்டினால் அது தண்டனை. 'ஆம்' போட்டு விளக்கம் எழுதி, கோர்ட் உத்தரவின் சான்றிட்ட நகலையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் கொண்டு போக வேண்டும். 'இல்லை' என்று போட்டுப் பிறகு தெரியவந்தால், பொய்த் தகவல் என்பது குடித்து ஓட்டியதைவிடப் பெரிய தடை. கடந்த ஐந்து வருடத்துக்குள் இப்படி ஒரு கைதோ தண்டனையோ இருந்தால், குடிப்பழக்கம் நோயாக இருக்கிறதா என்று பார்க்கத் தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் அனுப்புவது வழக்கம். ஏற்கெனவே உள்ள விசாவையும் ரத்து செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஒரே ஒரு சம்பவம், விபத்து இல்லை என்றால் பெரும்பாலும் தாமதம்தான், நிரந்தர மறுப்பு அபூர்வம். நவம்பர் என்றால் மருத்துவப் பரிசோதனைக்கும் சேர்த்து நாள் ஒதுக்கச் சொல்லுங்கள். கம்பெனியின் குடியேற்ற வக்கீலிடம் இப்போதே சொல்லிவிடட்டும், ஸ்டாம்பிங்குக்கு முதல் நாள் வேண்டாம்.

கனடா இதைவிடக் கடுமை. 2018 டிசம்பரிலிருந்து குடித்து ஓட்டுவது அங்கே பத்து வருடம் வரை சிறை கிடைக்கும் குற்றம், அதனால் ஒரே ஒரு தண்டனைகூட நுழைவுக்குத் தடையாகலாம்.

பாஸ்போர்ட் கதை தலைகீழ். அங்கே தொல்லை தருவது நிலுவையில் உள்ள கிரிமினல் கேஸ். அபராதம் கட்டிக் கேஸ் முடிந்தால் நிலுவை இல்லை. தண்டனையைக் காரணம் காட்டி மறுக்க, ஐந்து வருடத்துக்குள் இரண்டு வருடத்துக்குக் குறையாத சிறைத் தண்டனை இருந்திருக்க வேண்டும்.

பெண்களுக்காக ஒரு வார்த்தை, இந்த மாதிரி இழைகளில் யாரும் எழுதுவதில்லை. சூரியன் மறைந்த பிறகு, விதிவிலக்கான சூழ்நிலை தவிர, பெண்ணைக் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கு என்றாலும் பெண் அதிகாரியும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் தேவை. ரத்தம் எடுப்பவர் ஆண் மருத்துவர் என்றால் ஒரு பெண் உடன் இருக்க வேண்டும், 204-வது பிரிவு. ஆனால் ஊத மாட்டேன் என்று சொல்ல இது காரணமாகாது.

---

சர்வேயர்_அல்சூர்

விபத்து இல்லாததால் உங்களுக்கு இப்போதைக்கு இன்சூரன்ஸ் பிரச்சினை இல்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன். சொந்த வண்டிச் சேதத்துக்கு, குடித்திருந்தால் பாலிசி பணம் தராது. ரீடிங்கே எடுக்காத கேஸிலும் மறுக்கலாம் என்று 2021-ல் இஃப்கோ டோக்கியோ எதிர் பேர்ல் பெவரேஜஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டெல்லியில் 2007-ல் இடித்து எரிந்த போர்ஷே கார் அது. சூழ்நிலைகளை வைத்தே குடித்திருந்ததை நிரூபிக்கலாம் என்றது கோர்ட். அடிபட்ட மூன்றாம் ஆளுக்குக் கம்பெனியைக் கட்டச் சொல்லிவிட்டு, அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலிக்க அனுமதிக்கும் தீர்ப்புகள் நிறைய. அதாவது இருபது லட்சம் நஷ்டஈடு வந்தால் கடைசியில் மாமா தலையில்தான் விடியும், ஓட்டியவன் யாராக இருந்தாலும்.

உயிர் போனால் பேச்சே வேறு. மும்பை கார்ட்டர் ரோட்டில் 2006-ல் நடைபாதையில் தூங்கியவர்கள் ஏழு பேர் இறந்த அலிஸ்டர் பெரேரா வழக்கில், குடித்து ஓட்டியவருக்கு மூன்று வருடச் சிறையை 2012-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வெறும் அஜாக்கிரதை இல்லை, கொலையாகாத மரணம் விளைவித்த பிரிவு.

---

மேயோஹால்_கறுப்புக்கோட்டு

செல்வா சார், நீங்கள் சொன்னதை வைத்து என் கருத்து: பிளாங்க் சுழியம், 15 நிமிட இடைவெளி, வரிசை எண், வண்டி எண் எல்லாம் சரியாக இருக்கின்றன. மிச்சம் இருப்பது மெசினின் அளவுத்திருத்தச் சான்று அன்றைய தேதிக்குச் செல்லுமா என்பது மட்டும். அதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வரிசை எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். வழக்கு நடத்தினால் விசாரணையில் போலீஸ் சாட்சியிடம் நேராகவே கேட்கலாம். சான்று காலாவதி என்றால் நல்ல வாதம். செல்லுபடியாக இருந்தால் பல வாய்தா அலைந்து அதே 10,000-த்தில் வந்து நிற்பீர்கள், நவம்பரில் விசாவுக்கு 'கேஸ் நிலுவை' என்ற பதிலோடு. என் கட்சிக்காரராக இருந்தால் ஒப்புக்கொண்டு முடிக்கச் சொல்வேன். ரீடிங் 40-க்குக் கீழே இருந்தாலோ, பிளாங்க் வரி சுழியமாக இல்லாவிட்டாலோ, வண்டி நின்றுகொண்டிருக்கும்போது வந்து பிடித்திருந்தாலோ வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். ஓட்டியதையோ ஓட்ட முயன்றதையோ அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டுப் பின் சீட்டில் தூங்கியவர் மீது 185 நிற்காது.

இப்போது கார். இன்ன இன்ன குறைக்கு வண்டியைப் பிடித்து வைக்கலாம் என்று சொல்லும் 207-வது பிரிவில் குடித்து ஓட்டுவது இல்லை. குடிக்காத, லைசென்ஸ் உள்ள ஒருவர் கூட இருந்தால் வண்டியை அவரிடம் கொடுக்க வேண்டும், யாரும் இல்லையென்றால்தான் தற்காலிகமாக வைத்திருக்கலாம் என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில் சொன்னது. கர்நாடகாவை அது கட்டுப்படுத்தாது, ஆனால் காட்டிப் பேசலாம். அந்த இரவே நண்பன் ஒருவன் வந்திருந்தால் கேட்டுப் பார்த்திருக்கலாம், இனி அது பழங்கதை.

இரண்டு வழி. ஒப்புக்கொண்டு கட்டினால் கோர்ட் ரசீதையும் விடுவிப்பு உத்தரவையும் ஸ்டேஷனில் கொடுத்து எடுக்கலாம். வழக்கு நடத்தினால் இடைக்கால ஒப்படைப்புக்கு மனு போட வேண்டும், பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதை (குற்ற விசாரணை முறைச் சட்டம்) 497 அல்லது 503. பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். வண்டிகளை மாதக்கணக்கில் ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்க விடக் கூடாது என்று 2002 சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் தீர்ப்பு இருக்கிறது, மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

எந்த வழியானாலும் ஆர்சி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கேட்க வேண்டும். மாமா ஊரில் இருந்தால் அதிகாரக் கடிதமும் அடையாள அட்டை நகலும் வாங்கி வையுங்கள். பலர் இரண்டு முறை அலைவது இதற்காகத்தான். ஆர்சி, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் கையில் இருக்கட்டும். இன்சூரன்ஸ் முடிந்திருந்தால் 196-ம் சேரும், இன்னொரு 2,000. அவன் குடித்திருந்தது தெரிந்தும் மாமா சாவியைக் கொடுத்திருந்தால் உடந்தை என்று 188-வது பிரிவு அதே தண்டனையை அவருக்கும் சொல்கிறது. விசாரணையில் சும்மா பேச்சுக்குக்கூட "நான்தான் எடுத்துட்டுப் போகச் சொன்னேன்" என்று வாய்விட வேண்டாம்.

---

செல்வா_ஜீவன்பீமாநகர்

புரிந்தது சார். கடைசியாக ஒன்று. லைசென்ஸ் ஓசூருடையது. இங்கே எந்த ஆர்டிஓவுக்குப் போகும்? தமிழ்நாட்டில் டூப்ளிகேட் எடுத்துவிடலாம் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார்.

---

மேயோஹால்_கறுப்புக்கோட்டு

அந்த ஏஜென்ட்டிடம் போகவே போகாதீர்கள். கைப்பற்றப்பட்ட கார்டைத் தொலைந்துபோனது என்று எழுதிக் கொடுத்து டூப்ளிகேட் வாங்குவது தனிக் குற்றம். சாரதி என்ற லைசென்ஸ் இணையதளத்தில் கர்நாடகாவும் தமிழ்நாடும் ஒரே தரவு, சஸ்பென்ஷன் ஏறினால் ஓசூரிலும் தெரியும்.

எந்த ஆர்டிஓவுக்கு அனுப்பினார்கள் என்று ஸ்டேஷனில் கேட்டு, அனுப்பிய கடிதத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 19-வது பிரிவின்படி, உத்தரவு போடும் முன் விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் லைசென்ஸில் உள்ள முகவரிக்குத்தான் போகும். ஓசூர் வீட்டில் இப்போது யாரும் இல்லையென்றால், கதவில் ஒட்டிவிட்டு ஒருதலையாக முடித்துவிடுவார்கள். இன்றைய முகவரியை எழுதி ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி வையுங்கள். முதல் முறைக்கு வழக்கமாக மூன்று மாதம். விளக்கத்தில் விபத்து இல்லை, முதல் முறை என்பதைச் சொல்லி, கார்டு எந்தத் தேதியிலிருந்து அவர்களிடம் இருக்கிறதோ அன்றிலிருந்து கணக்கிடும்படி கேளுங்கள். கேட்காதவர்களுக்கு உத்தரவுத் தேதியிலிருந்து ஓடும், அதற்குள் இரண்டு மாதம் சும்மா போயிருக்கும். உத்தரவு பிடிக்கவில்லையென்றால் கையில் கிடைத்து 30 நாளுக்குள் மேல்முறையீடு.

கோர்ட்டில் கட்டிய ரசீதைக் காட்டினால் லைசென்ஸ் திரும்பி வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோர்ட் வேறு, ஆர்டிஓ வேறு. ஒன்றில் முடிந்தது மற்றதில் தானாக முடியாது.